12 நாள் நின்ற 407 ஸ்டார்ட் ஆகவில்லை: பம்பைக் கழற்றுவதற்கு முன்னால்

கேள்வி இது. 2003 மாடல் டாடா 407, பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு ஷெட்டில் 12 நாள் நின்றிருக்கிறது. நிறுத்தும்போது நன்றாக ஓடிய வண்டி. பேட்டரியை இறக்கி சார்ஜ் போட்டு மாட்டியாகிவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பக்கத்து மெக்கானிக் பார்த்துவிட்டு, "பம்ப் போயிடுச்சு, கழற்றணும்" என்கிறார். கழற்றலாமா?

வேண்டாம் தம்பி. இப்போதைக்கு அந்தப் பம்பில், அதாவது நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசலை அனுப்பும் பம்பில், யாரையும் கை வைக்க விடாதீர்கள். பீன்யாவில் 20 வருடத்துக்கு மேலாகப் பம்ப் வேலையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் வேலையும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனாலேயே சொல்கிறேன். என் மேஜைக்கு வந்த பம்புகளில் எத்தனையோ கழற்றாமலே இருந்திருக்க வேண்டியவை. டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால் அழகாக அடிக்கும். கோளாறு அங்கே வண்டியிலேயே, ஐந்து ரூபாய் வாஷரிலோ ஒரு முழ ரப்பர் ஹோஸிலோ உட்கார்ந்திருக்கும். வண்டிக்காரருக்குக் கழற்றிய கூலி, மாட்டிய கூலி, மூன்று நாள் வாடகை எல்லாம் போயிருக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது 497 எஞ்சின். 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், அதுதான் பெயரிலேயே இருக்கிறது. அதில் உட்கார்ந்திருக்கும் பழைய வகை வரிசைப் பம்பை இந்த ஊரில் இன்றும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்கிறோம். 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. ஆனால் ஆடுகோடியில் அந்தத் தொழிற்சாலை இருந்ததால் ஊருக்குள் அந்தப் பெயர் அழியவில்லை. அந்தப் பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற தண்டும் பேரல் என்ற குழலும் சில மைக்ரான் இடைவெளியில் ஒன்றுக்குள் ஒன்று ஓடுபவை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடித்தான் அவை தேயும். தேயும்போது சொல்லிவிட்டுத்தான் தேயும்: ஏற்றத்தில் இழுவை குறையும், சூடான வண்டியை டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தால் உடனே பிடிக்காது. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டியின் பம்ப், சும்மா நின்ற 12 நாளில் தேய்ந்துபோகாது. நிற்கிற வண்டியில் நடப்பவை வேறு. டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும், லைனில் காற்று புகும், எலி ஹோஸைக் கடிக்கும், தண்ணீர் அடியில் தங்கும், ஸ்டாப் கம்பி துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரே ஒரு சோதனை. வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் பின்னால் போய் சைலன்சர் வாயைப் பாருங்கள். 15 விநாடிக்கு மேல் ஒரே மூச்சாக அடிக்க வேண்டாம். நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். செல்ஃப் மோட்டார் இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர், தொடர்ந்து அடித்தால் ஆர்மேச்சர் கருகும். அப்புறம் செலவு இரண்டாகிவிடும்.

புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து கண் எரிந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. கரும்புகை கக்கி, பிடிக்கிற மாதிரி வந்து அணைந்தால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை அடித்துப் பாருங்கள், எலி கூடு கட்டியிருந்தாலும் அதில் தெரிந்துவிடும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுப்பவரை நம்பாதீர்கள். 12 நாள் நின்ற வண்டி என்றால் பத்துக்கு எட்டு புகையே வராத கேஸாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

புகை இல்லை. சரி, முதலில் ஸ்டாப் லீவரைப் பாருங்கள். டாஷ்போர்டில் நாபை இழுத்து எஞ்சினை அணைக்கிற வண்டி என்றால், அந்தக் கேபிள் பம்பின் மேல் ஒரு சின்ன லீவரை இழுத்து டீசலை நிறுத்துகிறது. நாபைத் திரும்ப உள்ளே தள்ளியிருப்பீர்கள், ஆனால் உறைக்குள் துருவேறிய கேபிள் லீவரை விட்டிருக்காது. பானெட்டைத் திறந்து, கையாலேயே அந்த லீவரை ஓடும் நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். ஸ்பிரிங் போல டக்கென்று திரும்ப வேண்டும். சாவியில் அணையும் வகை என்றால் பம்பில் மின்சாரத்தால் டீசலைத் திறந்துவிடும் ஒரு சோலினாய்டு இருக்கும். சாவியைத் திருப்பும்போது 'டிக்' சத்தம் வருகிறதா என்று ஒருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், வயர் முனை. எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள பெரிய வண்டிகளில் சைலன்சர் பைப்பில் உள்ள தகடு மூடியபடி மாட்டியிருந்தாலும் எஞ்சின் பிடிக்காது. உங்கள் 407-ல் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து டேங்க். மீட்டர் முள்ளை நம்பாமல் ஒரு சுத்தமான குச்சியை விட்டு அளந்து பாருங்கள். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிறதா என்று கவனியுங்கள். இழுத்தால் மூடியிலுள்ள காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. டீசல் தளும்பி வழிகிறது என்று மூடிக்கு அடியில் பாலிதீன் கவரை மடித்து வைத்து இறுக்குகிறவர்கள் உண்டு. காற்று போக வழியில்லாமல் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. யஷ்வந்த்பூர் யார்டுக்கு வெங்காயம் ஏற்றி வந்த ஒரு வண்டி, நெலமங்களாவுக்கும் யார்டுக்கும் நடுவில் மூன்று முறை நின்றது. நின்று அரை மணி ஆனால் தானாகவே ஸ்டார்ட் ஆகும். இரண்டு ஃபில்டர் மாற்றியும் தீரவில்லை. கவரை எடுத்துப் போட்டோம், தீர்ந்தது.

இப்போது காற்றுக்கு வருவோம். டீசல் லைனில் காற்று மாட்டிக்கொள்ளும் ஏர் லாக்கை உருது பேசும் மிஸ்திரிகள் 'ஹவா' என்பார்கள், கன்னடக்காரர்கள் 'காளி' (gaali) என்பார்கள், இரண்டுக்கும் காற்று என்றுதான் பொருள், நாம் 'ஏர் பிடிச்சிடுச்சு' என்கிறோம். மூன்று மொழியிலும் இந்த ஊரில் அதிகம் கேட்கும் கோளாறு இதுதான். டீசல் டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் வரை உறிஞ்சப்பட்டு வருகிறது. ஃபீட் பம்பைத் தாண்டியதும் தள்ளப்பட்டுப் போகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியும், ஈரமாகத் தெரியும், தூசி ஒட்டிக் கருத்திருக்கும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் "எங்கேயும் லீக் இல்லை, அப்போ பம்ப்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒழுகாத ஓட்டையைத்தான் நாம் தேட வேண்டும்.

காற்றை எடுக்கும் முறை இது. பம்பின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபீட் பம்பின் தலையில் கையால் அடிக்கும் குமிழ் ஒன்று இருக்கும், ஹேண்ட் பம்ப் என்போம். அதை இடப்பக்கம் திருகினால் மேலே எழும்பும். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, ஹேண்ட் பம்பை மேலும் கீழுமாக நிதானமாக அடியுங்கள். முதலில் வெறும் காற்று சீறும், பிறகு நுரை வரும், பிறகு நுரையும் டீசலும் விட்டுவிட்டு வரும். கடைசியில் கண்ணாடி மாதிரி, குமிழ் இல்லாமல் ஒரே ஓட்டமாக வரும். அப்படி வரும்போதே, அடிப்பதை நிறுத்தாமல், ஸ்க்ரூவை இறுக்குங்கள். இரண்டாவது ஃபில்டருக்கும் இதே வேலை, அப்புறம் பம்பின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவுக்கும் இதே வேலை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. டேங்கிலிருந்து பம்பை நோக்கித்தான் காற்றைத் துரத்த வேண்டும். முடிந்ததும் ஹேண்ட் பம்ப் குமிழை அழுத்தித் திரும்ப முழுக்கத் திருகிவிடுங்கள். அதைத் தளர்வாக விட்டால் அதன் வழியாகவே மறுபடி காற்று புகும். மெக்கானிக்குகளே இதை மறப்பார்கள்.

ஹேண்ட் பம்பை அடிக்கும்போது உங்கள் உள்ளங்கைக்கு என்ன தெரிகிறது என்பதும் முக்கியம். ஒரு பத்து இருபது அடிக்குப் பிறகும் வெற்று ஊசியை இழுத்துத் தள்ளுவதுபோல லேசாகவே இருந்தால், ஃபீட் பம்பின் வால்வு உட்காரவில்லை அல்லது உறிஞ்சும் பைப்பில் பெரிய ஓட்டை. மேலே தூக்கும்போது கையைத் திரும்ப உள்ளே இழுத்தால், டேங்க் பக்கம் ஏதோ அடைத்திருக்கிறது. அடைப்பு என்றால் ஃபீட் பம்புக்கு வரும் யூனியன் போல்ட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். பல மாடல்களில் அங்கே ஒரு சின்னக் கம்பி வலை இருக்கும். அதை யாரும் சுத்தம் செய்வதே இல்லை. கழற்றிய இடத்தில் பழைய காப்பர் வாஷரையே மாட்டாதீர்கள். ஒரு முறை நசுங்கிய செம்பு இரண்டாம் முறை சரியாக உட்காராது. வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் கைநிறைய வாங்கினாலும் ஒரு டீ, பன் செலவுதான் ஆகும்.

காற்றை எடுத்து வண்டி ஸ்டார்ட் ஆகி, மறுநாள் காலை மறுபடி அதே கதை என்றால், ஓட்டை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு நான் பெரிதும் நம்புவது கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை நிரப்பி, பம்பைவிட உயரமாக, கேபினுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஃபீட் பம்பின் உறிஞ்சும் பக்கத்திலிருந்து டேங்க் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஒரு புது ஹோஸை அங்கே மாட்டி அதன் மறுமுனையை இந்தக் கேனுக்குள் விடுங்கள். காற்றை எடுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். வண்டி பிடித்து, ஒரு மணி நேரம் நிறுத்திய பிறகும் உடனே பிடித்தால், உங்கள் பம்பும் நாசிலும் எஞ்சினும் நல்லாயிருக்கின்றன. கோளாறு கேனுக்குப் பதில் முன்பு இருந்த பாதையில்தான்: டேங்க், அதற்குள் இறங்கும் குழாய், சேஸிஸ் ஓரமாக வரும் பைப், ஹோஸ். பம்பைக் கழற்றச் சொன்னவரிடம் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சில வருடம் முன்பு, ஒரு டிசம்பர் விடியற்காலை, அத்திப்பள்ளிக்கு முன்னால் நின்றுவிட்ட ஒரு வண்டிக்குப் போனேன். ஓசூரிலிருந்து பூ ஏற்றி கே.ஆர். மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் வேறோர் இடத்தில் பம்ப் முழு வேலையும் செய்திருந்தார்கள். டிரைவர் அண்ணன் பூக்கூடைகளையே பார்த்துக்கொண்டு நின்றார், வாய்பேசவில்லை. நான் டேங்க் ஹோஸ் நடுவில் ஒரு முழம் கண்ணாடிக் குழாயை, அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை, மாட்டி டார்ச் அடித்தேன். செல்ஃப் அடிக்க அடிக்க, பொன்னிறமான டீசலுக்குள் கடுகு கடுகாகக் குமிழ்கள் வரிசை கட்டிப் போயின. டேங்கை நோக்கி விரலால் தடவிக்கொண்டே போனேன். ஹோஸைப் பிடித்திருந்த கிளாம்புக்கு அடியில் நகம் ஆழத்துக்கு ஒரு வெடிப்பு. கிளாம்ப் அதை மூடியிருந்ததால் வெளியிலிருந்து தெரியாது. வெடித்த பகுதியை அறுத்துவிட்டு, மீதி ஹோஸையே இழுத்து மாட்டினோம். விளக்கு வெளிச்சத்தில் 20 நிமிட வேலை. பூ மார்க்கெட் கூடுவதற்கு முன் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதர் பம்புக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவா போகிறது? அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

காற்றை எடுத்த பிறகும் புகை வரவில்லை என்றால் நாசில் பக்கம் பாருங்கள். நாசிலுக்குப் போகும் ஸ்டீல் பைப் நட்டுகளை 17 அல்லது 19 ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு நட்டிலும் டீசல் விட்டுவிட்டுத் துள்ளி வர வேண்டும். வந்ததும் இறுக்குங்கள். பெரும்பாலும் மூன்றாவது நட்டை இறுக்கும்போதே எஞ்சின் உயிர் பிடிக்கும். கெஞ்சிச் சொல்கிறேன், வருகிறதா என்று பார்க்க விரலை வைக்காதீர்கள். நாசில் திறப்பதே 200 பார் அளவு அழுத்தத்தில். அந்த ஊசி போன்ற தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆனால் வலி இல்லை என்று உட்காராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஃபில்டரின் அடித்திருகைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு கட்டி நிற்கும். மழைக்காலத்தில், பாதி காலி டேங்கோடு நிற்கிற வண்டியில் இது சகஜம். டேங்கை அடியோடு இறக்கிக் கழுவி, ஃபில்டர்களை மாற்றிவிடுங்கள். பம்ப் உண்மையிலேயே கெடுவது இந்தத் தண்ணீரால்தான்.

வெள்ளைப் புகை வருகிற கேஸ் வேறு. டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினேழில் ஒரு பங்காக அமுக்கும்போது உண்டாகும் 500 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில்தான் அது எரிகிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. உங்கள் காதுக்கு நன்றாகச் சுற்றுவதுபோல இருந்தாலும், அடிக்கும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி 9.5-க்குக் கீழே இறங்கினால் போதாது. பேட்டரி நன்றாயிருந்தும் மெதுவாகச் சுற்றினால், எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். கையில் சுடுகிற முனைதான் கெட்ட முனை. பெரிய லாரியின் 24 வோல்ட்டிலிருந்து வயர் இழுத்து 12 வோல்ட் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். பெங்களூர் குளிரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். டிசம்பர் விடியலின் 15 டிகிரியில் நல்ல 497 எஞ்சின் ஹீட்டர் பிளக் எதுவும் இல்லாமலே பிடிக்கும்.

வேகமாகச் சுற்றியும் வெள்ளைப் புகைதான் என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை அமுக்கும் பலம்), டேப்பெட் (வால்வு) இடைவெளி, நாசில், டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், காப்பிப் பொடியில் பால் கலந்த நிறம் தெரிந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது, அதற்கு மேல் செல்ஃப் அடிக்கவே வேண்டாம். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அதே காரணத்துக்காகத்தான் இழுத்து ஸ்டார்ட் செய்வதையும் வேண்டாம் என்கிறேன். எஞ்சின் ஓடாத 407-ல் பிரேக்குக்கு வேக்யூம் உதவி கிடைக்காது, மிதி கல் மாதிரி இருக்கும். ஓசூர் ரோட்டு டிராஃபிக்கில் கயிறு கட்டி இழுக்கிற வேலையா அது?

ஈதர் ஸ்பிரே, பெட்ரோல் துணி இரண்டையும் தொடாதீர்கள். பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து, ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும். "ஒரு தடவை கொடுத்தால் வண்டி அதற்குப் பழகிவிடும்" என்று சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. எஞ்சின் பழகுவதில்லை. கம்ப்ரஷன் ஏற்கனவே போய்விட்டது, ஸ்பிரே அதை மறைக்கிறது, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கெடுக்கிறது.

இவ்வளவும் பார்த்து, ஏர் ஸ்க்ரூவில் சுத்தமான டீசல் வந்து, ஸ்டாப் லீவரும் விடுதலையாக இருந்து, நாலு நாசில் நட்டிலும் ஒரு துளி வரவில்லை என்றால், அப்போது பம்பைச் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் பக்கவாட்டு மூடியை மட்டும் திறந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற கம்பி நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட நின்ற வண்டியில் ரேக் பிசின் பிடித்து நிறுத்தும் நிலையிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. சுத்தமான டீசல் விட்டு மெல்ல அசைத்தால் பல நேரம் விட்டுவிடும். அதுவும் ஆகவில்லை என்றால் கழற்றுங்கள். ஆனால் போல்ட்டைத் தொடுவதற்கு முன், பம்பின் ஃபிளாஞ்சும் எஞ்சினும் சேரும் இடத்தில் உளியால் ஒரே கோடாக ஒரு வெட்டுக்குறி போட்டு, கப்ளிங் நிற்கும் நிலையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் ஓட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். நாலு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் ஏறுகிறதா என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். வேலைக்கு முன்பு ஒரு தடவை, வேலைக்குப் பின்பு ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.